மலை விளிம்பில் ஓர் இருப்புப்பாதை: ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வரை

விருதுநகரில் பிரிந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர், தென்காசி வழியாகச் செங்கோட்டையை அடையும் இருப்புப்பாதையும், அங்கிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையை ஊடறுத்துப் புனலூர் வழியாகக் கொல்லத்தில் முடியும் அதன் தொடர்ச்சியும், தென்தமிழ்நாட்டில் காட்டையும் மலையையும் ரயில் சன்னலிலிருந்தே காணத் தரும் வழிகளுள் முதன்மையானவை. இவற்றுள் விருதுநகர், தென்காசி இடையிலான பகுதி 1927இல் திறக்கப்பட்டது. மலையைக் கடக்கும் பகுதி அதற்கு இருபதாண்டுகளுக்கு மேல் மூத்தது. சரக்கையும் யாத்திரிகரையும் வேலைக்குச் செல்வோரையும் ஏற்றிச் செல்வதற்காகவே அமைந்த இவ்வழியை இன்றும் பெரும்பாலோர் அதே நோக்கங்களுக்காகவே பயன்படுத்துகின்றனர். குற்றாலச் சாரல் காலத்திலும் சபரிமலை மண்டல காலத்திலும் கூட்டம் பெருகுமே தவிர, காடு காண்பதற்கென்றே இதில் ஏறுவோர் சிலரே.

ரயிலையும் பேருந்தையும் இணைத்துக் காட்டினூடே செல்லும் விடுமுறைப் பயணம், உலக அளவில் அலாஸ்கா, கனடா போன்ற வடபுலப் பெருவெளிகளை முன்வைத்தே பெயர் பெற்றது. அலாஸ்காவில் சீவார்ட் துறைமுகத்தையும் உள்நாட்டு நகரமான பேர்பேங்க்ஸையும் இணைக்கும், ஏறத்தாழ 750 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதையை அமெரிக்க அரசே தன் செலவில் அமைத்தது. 1914இல் சட்டம் இயற்றித் தொடங்கிய பணி, 1923 ஜூலை 15 அன்று அதிபர் ஹார்டிங் நெனானா என்னுமிடத்தில் தங்க ஆணி அறைந்ததோடு நிறைவெய்தியது. நிலக்கரியையும் பொன்னையும் குடியேறிகளையும் கருதிப் போடப்பட்ட அப்பாதையில் இன்று கண்ணாடிக் கூரை வேய்ந்த பெட்டிகளில் கப்பல்வழி வந்த சுற்றுலாப் பயணிகள் அமர்ந்து செல்கின்றனர். டெனாலி தேசியப் பூங்காவின் வாசலில் இறங்கிப் பேருந்துக்கு மாறுகின்றனர். ஏறத்தாழ 148 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பூங்காச் சாலையில் முதல் 24 கிலோமீட்டர் வரை மட்டுமே கோடைக்காலத்தில் தனியார் கார்கள் செல்லலாம். அதற்கப்பால் பேருந்து மட்டுமே என்ற விதி 1972 முதல் நடைமுறையில் இருக்கிறது. புதிய நெடுஞ்சாலை வந்ததால் கார்கள் பெருகும் என்று கணித்து, பெருகுவதற்கு முன்பே வகுத்த விதி அது. காட்டைக் காண வருவோர் எத்தனை பேரானாலும் சக்கரங்களின் எண்ணிக்கை குறைவாக இருக்க வேண்டும் என்பதே அதன் உட்கிடை.

அங்கே சட்டத்தாலும் பெரும் பொருட்செலவாலும் அமைந்த அந்த ஏற்பாடு, ராஜபாளையம் வட்டாரத்தில் எவரும் திட்டமிடாமலேயே பாதி அமைந்துள்ளது. இங்கே இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் மலைக்கு இணையாக, அதற்குள் புகாமல், அடிவாரத்துக்குச் சற்றுக் கிழக்கே செல்கின்றன. அவற்றிலிருந்து மலையடி வரை உள்ள சில கிலோமீட்டர்களை நகரப் பேருந்துகளும் மினி பஸ்களும் ஆட்டோக்களும் நிரப்புகின்றன. அதற்கு மேல் நடைபாதை மட்டுமே. இந்தப் படிமுறையைக் குறையென்று கருதுவோர் உண்டு. காடு இன்றளவும் காடாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பயணத்தை ஸ்ரீவில்லிபுத்தூரில் தொடங்குவது பொருத்தம். விருதுநகரிலிருந்து வரும் ரயிலில் வலப்பக்கச் சன்னலோரம் அமர்ந்தவர்க்குச் சிவகாசியைக் கடந்ததும் கரிசல் நிலத்துக்கு அப்பால் மலை ஒரு நீலக் கோடாகத் தோன்றி, ஸ்ரீவில்லிபுத்தூரை நெருங்க நெருங்க மடிப்பும் பள்ளமும் தெரியும் சுவராக உயரும். அதற்கு முன்னால் எழுந்து நிற்பது வடபத்ரசாயி கோயிலின் பதினொரு நிலை ராஜகோபுரம். ஏறத்தாழ 192 அடி உயரமுள்ள இக்கோபுரமே தமிழ்நாட்டு அரசு முத்திரையில் இடம்பெற்றது என்பது பரவலாக நிலவும் கருத்து. மதுரைக் கோபுரம் என்று வாதிடுவோரும் உளர், அவ்வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. பெரியாழ்வாரும் ஆண்டாளும் பிறந்த ஊர் என்பதால் ஆடிப்பூரத் தேரோட்டத்தின்போது ஊர் கொள்ளாத கூட்டம் சேரும்; மற்ற நாள்களில் ஊரின் பெயரைச் சுமந்து வெளியூர் செல்வது பால்கோவா. நாட்டுச் சர்க்கரையும் வாசனைப் பொருள்களும் சேர்க்காமல், பாலையும் வெள்ளைச் சர்க்கரையையும் மட்டும் அடுப்பில் கிளறிச் சுண்டவைக்கும் இந்த இனிப்புக்கு 2019இல் புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருளின் தன்மை அது விளையும் இடத்தோடு பிணைந்தது என்பதற்கான சட்ட ஏற்பு, வழங்கப்பட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையின் காலடியில் இருக்கும் செண்பகத்தோப்பு, இவ்வட்டாரத்துக் காட்டைப் புரிந்துகொள்ள உகந்த இடம். மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் முடியும் இடத்தில் ஆற்றோரக் காடு தொடங்குகிறது. இரண்டுக்கும் நடுவே வேலி எங்கே என்று சொல்ல முடியாதபடி மரங்கள் கிளை கோத்து நிற்கின்றன. இந்தக் கிளைக் கோவையே சாம்பல் நிற அணில் எனப்படும் பேரணிலின் வாழ்வாதாரம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே காணப்படும் இவ்விலங்கு, பழுப்பு கலந்த சாம்பல் நிறமும் மயிர் நுனிகளில் வெண்மையும் கொண்டது. தலையும் உடலும் சேர்ந்த நீளத்துக்கு ஏறத்தாழ ஈடான வாலை உடையது. சாதாரண முதுகுக்கோட்டு அணிலோடு ஒப்பிட்டால் இதனை அணில் என்று நம்பவே கண் மறுக்கும். பகலில் இரைதேடும் இது தரையில் இறங்குவதைக் கூடியவரை தவிர்க்கும். ஒரு மரத்திலிருந்து மறுமரத்துக்குக் கிளைவழியாகவே தாவும். இலைகளாலும் சுள்ளிகளாலும் உயரமான கிளைகளில் கூடு கட்டும். ஆபத்து நேர்ந்தால் நாற்புறமும் தப்புவதற்கு வழியுள்ள மரத்தையே கூட்டுக்குத் தேர்ந்தெடுக்கும். நடுவே ஒரு வரிசை மரத்தை வெட்டிவிட்டால் இரு புறத்து அணில்களும் தனித்தனித் தீவுகளில் சிக்கியது போலாகும். ஆற்றங்கரை மருதும் தோப்புப் புளியும் மாவும் ஒரே மேலடுக்காக நீடிக்கும் வரைதான் இவ்வினத்துக்கு இங்கே இடமுண்டு.

இந்த ஓர் அணிலுக்காகவே 1988இல் சுமார் 480 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மலைக்காடு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. புலி, யானை, சிங்கவால் குரங்கு முதலியவற்றின் பெயரால் சரணாலயம் அமைப்பது வழக்கமாக இருந்த காலத்தில் ஒரு கொறிக்கும் விலங்கை முன்னிறுத்தியது துணிச்சலான முடிவே. அணில் வாழ மரத்தொடர்ச்சி வேண்டும், மரத்தொடர்ச்சி இருந்தால் வரையாடும் யானையும் சிறுத்தையும் தாமே வாழும் என்ற கணக்கு அதனுள் அடங்கியிருந்தது. 2021 பிப்ரவரியில் இச்சரணாலயமும் தேனி மாவட்டத்தின் மேகமலைச் சரணாலயமும் இணைக்கப்பட்டு, 1016 சதுர கிலோமீட்டருக்கும் சற்றுக் கூடுதலான பரப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. இது தமிழ்நாட்டின் ஐந்தாவது, இந்தியாவின் ஐம்பத்தொன்றாவது புலிகள் காப்பகம். மனித நடமாட்டத்தை முற்றிலும் குறைக்கும் உட்பகுதியும், வாழ்வோரின் பயன்பாட்டோடு ஒத்துப்போகும் வெளிப்பகுதியும் என இரண்டாகப் பிரிக்கப்பட்ட இக்காப்பகத்தில், முன்னது ஏறத்தாழ 642 சதுர கிலோமீட்டர், பின்னது ஏறத்தாழ 375 சதுர கிலோமீட்டர். மலைமுகட்டுக்கு மேற்கே கேரளத்தின் பெரியாறு புலிகள் காப்பகம் தொடர்வதால் புலிக்கு மாநில எல்லை பொருட்டன்று. வருசநாட்டுப் பக்கம் இறங்கும் சரிவுகள் வைகையின் தலைநீர்ப் பகுதி. அங்கே காடு மெலிந்தால் மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் நீர் மெலியும் என்பதை விளக்க அதிக ஆராய்ச்சி தேவையில்லை.

இந்தக் காட்டை ஆளற்ற வனாந்தரம் என்று எழுதுவது பயண நூல்களில் எளிதாக நேரும் பிழை. செண்பகத்தோப்பு, தாணிப்பாறை, அத்திக்கோயில் முதலிய இடங்களில் பளியர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். தேனெடுத்தலும் கிழங்கு அகழ்தலும் சிறுவனப் பொருள் சேகரித்தலும் இவர்களது மரபுத் தொழில்கள், அடிவாரத் தோப்புகளில் கூலி வேலை இன்றைய வருவாய். தலைமை, தண்டனை, போட்டி ஆகியவற்றுக்கு மிகக் குறைந்த இடமளிக்கும் சமூகமாகப் பளியரை 1960களில் இப்பகுதி மலைகளில் ஆய்ந்து எழுதிய அமெரிக்க மானிடவியலர் பீட்டர் கார்ட்னர், அவர்களை உலக வேட்டுவ–சேகரிப்புச் சமூக ஆய்வில் ஒரு முக்கிய எடுத்துக்காட்டாக்கினார். சுற்றுலா வளர்ச்சி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் வழிகாட்டிகள் என்று இவர்களைக் குறிப்பிடுவது வழக்கமாகிவிட்டது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி இவர்களுக்குரிய நில உரிமையும் சேகரிப்பு உரிமையும் முதலில் பேசப்பட வேண்டியவை.

வத்திராயிருப்புக்கு அப்பால் தாணிப்பாறையிலிருந்து ஏறும் சதுரகிரி இவ்வட்டாரத்தின் மிகப் பெரிய காட்டு யாத்திரைத் தலம். சுந்தரமகாலிங்கம், சந்தனமகாலிங்கம் சந்நிதிகளை நோக்கிப் பாறையும் ஓடையும் கலந்த பாதையில் பல மணி நேரம் ஏற வேண்டும். ஆடி அமாவாசையில் பல்லாயிரக்கணக்கானோர் ஏறுகின்றனர். 2015 மே மாதம் மலையில் பெய்த திடீர் மழையால் ஓடைகளில் வெள்ளம் பெருக்கெடுத்துப் பக்தர்கள் பலர் உயிரிழந்தனர். அடிவாரத்தில் வெயிலும் முகட்டில் மழையுமாக இருக்கும் நாளே இங்கு மிக ஆபத்தானது, ஏனெனில் மேலே பெய்த மழை கீழே ஓடையாக வந்து சேரும்போது எச்சரிக்கைக்கு நேரம் இராது. வனத்துறை அனுமதி மறுக்கும் நாளில் சோதனைச்சாவடியில் வாக்குவாதம் செய்வோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். அணைகள் காண விரும்புவோர் வத்திராயிருப்பிலிருந்தே பிளவக்கல் சென்று பெரியாறு, கோவிலாறு என்ற இரு சிறு அணைகளைப் பார்த்துத் திரும்பலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் ரயிலில் அடுத்த நிறுத்தம், பேருந்தில் அரை மணி நேரம். கோயிலூருக்கு அடுத்து மில்லூர் என்று சொல்லத்தக்க இந்நகரில் 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ், பின்னர் ராம்கோ குழுமமாக வளர்ந்தது. நூற்பாலைகளோடு மருத்துவமனைக் கட்டுத்துணி நெசவும் இங்கே பரவியது. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின், பின் மாநிலத்தின், முதலமைச்சராகவும் அதன்பின் ஒடிசா ஆளுநராகவும் இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா இவ்வூரினர். வெளியாருக்கு ராஜபாளையம் என்றதும் ஊர்ப்பெயர் தாங்கிய வெள்ளை நாய்தான் நினைவுக்கு வரும். ஊரார்க்கு மாம்பழமும் கொய்யாத நெற்கதிருக்கு மேல் தெரியும் மலையும்.

அந்த மலையிலிருந்து இறங்கும் அய்யனார்கோவில் ஆறு நகருக்கு மேற்கே ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டரில் பாறைகளிடையே நீராடும் துறையாக விரிகிறது. வழியில் ஆறாவது மைல் என்று ஊரார் வழங்கும் இடத்தில் நகராட்சியின் குடிநீர்த் தேக்கம் உள்ளது. ஞாயிற்றுக்கிழமை ஆற்றில் குளித்து, சோறு சமைத்து உண்டு திரும்பும் குடும்பங்கள், அடுத்த நாள் குழாயில் அந்த நீரையே குடிக்கின்றன என்பது இவ்விடத்துக்குரிய தனிச்சிறப்பான பொருத்தம். கூழாங்கற்களுக்கிடையே கிடக்கும் பிளாஸ்டிக் தட்டுகளை வெளியூரார் தலையில் கட்டிவிடுவது எளிது. கார் நிறுத்துமிடத்தின் பதிவெண்களைப் பார்த்தால் அந்த வாதம் நிற்காது. வடகிழக்குப் பருவமழையில் ஆறு பெருகும் நாள்களில் வனத்துறை தடை விதிக்கும். கோடையில் காட்டுத்தீக்கு அஞ்சி மீண்டும் தடை வரும். இடைப்பட்ட மார்கழி, தை மாதங்களே இங்கு வரத் தக்கவை.

ராஜபாளையத்துக்குத் தெற்கே ரயிலும் சாலையும் பிரிந்து செல்வது இப்பயணத்தைத் திட்டமிடுவோர் அறிய வேண்டிய முதற்செய்தி. கரிவலம்வந்தநல்லூர், சங்கரன்கோவில், பாம்புகோவில் சந்தை என்று இருப்புப்பாதை கிழக்கே வளைந்து சமவெளிக்குள் சென்றுவிடுகிறது. கொல்லத்திலிருந்து திருமங்கலம் வரை செல்லும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையோ சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி என்று மலையடியை விடாமல் ஒட்டிச் செல்கிறது. இரண்டும் கடையநல்லூரில் மீண்டும் நெருங்குகின்றன. ஆகவே ராஜபாளையத்திலிருந்து கடையநல்லூர் அல்லது தென்காசி வரை செல்வோர் ஒரு வழியைப் பேருந்திலும் மறுவழியை ரயிலிலும் கடப்பதே நிறைவான ஏற்பாடு. ரயிலில் செல்வோர்க்கு மலை தொலைவில் முழுமையாக, ஒரே நீளத் தொடராகத் தெரியும். நடுவே சங்கரன்கோவிலில் சிவனும் திருமாலும் ஒருருவாக நிற்கும் சங்கரநாராயணர் சந்நிதிக்காக இறங்கலாம், ஆடித்தபசுத் திருவிழா நாளென்றால் இறங்காமல் இருக்க முடியாது.

பேருந்தில் செல்வோர்க்கு மலை துண்டுதுண்டாக, ஆனால் மிக அருகில் கிடைக்கும். தேவதானத்துக்கு மேற்கே சாஸ்தாகோவில் அணை. சிவகிரிக்கு மேலே, உடைந்து பல்லாண்டுகளாகச் சீரமைப்பை எதிர்நோக்கும் செண்பகவல்லிக் கால்வாய், அதன் நீர் யாருக்கென்ற இரு மாநில வழக்கு. வாசுதேவநல்லூருக்கு அருகே, ஆங்கிலேயரையும் ஆர்க்காட்டு நவாபின் படைகளையும் 1750களில் எதிர்த்து நின்ற பூலித்தேவனின் நெற்கட்டும்சேவல். புளியங்குடியில் லாரி லாரியாக ஏறும் எலுமிச்சை. தோட்டங்களின் ஓரத்தில் பட்டாசோடும் டார்ச் விளக்கோடும் இரவுக்காவல் இருப்போரின் பரண்களையும் காணலாம். தென்னங்குருத்துக்கு வரும் யானையும், அதைத் தடுக்கக் கடன்வாங்கி மின்வேலி போட்ட விவசாயியும் இருவருமே இந்தக் காட்டின் விளிம்பில் வாழ்பவர்கள். சரணாலயத்தைப் பற்றி எழுதும் பயண நூல்கள் இரண்டாமவரை விட்டுவிடுகின்றன.

தென்காசியை நெருங்கும்போது காற்று மாறுகிறது. ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் மழைமறைவுப் பகுதியில், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்குச் சரிவிலேயே ஈரத்தை இறக்கிவிட்டு வறண்டு வரும் பக்கத்தில் அமைந்தவை. இவற்றின் மழை ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து வருவது. தென்காசிக்கு மேற்கே மட்டும் மலைச்சுவர் தாழ்ந்து செங்கோட்டைக் கணவாயாகத் திறப்பதால் ஆனி, ஆடியில் அவ்வழியே ஈரக்காற்று நுழைந்து சாரலாகத் தெறிக்கிறது; குற்றாலத்தின் பருவம் இத்திறப்பின் கொடையே. ஏறத்தாழ ஏழெட்டுக் கிலோமீட்டர் அகலமே உள்ள இக்கணவாய், வடக்கே பெரியாறு மலைகளையும் தெற்கே அகத்தியமலையையும் பிரிக்கிறது. உச்சிச்சோலைகளில் வாழும் சிறு பறவைகளுக்கு இந்தத் தாழ்நிலமே கடக்கவியலாத அகழி; அதன் இருபுறத்து இனங்கள் மரபணு அளவில் விலகிச் சென்றிருப்பதை அண்மைக்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. பறவையைத் தடுத்த அதே தாழ்வுதான் ரயிலுக்கு வழிவிட்டது.

திருவிதாங்கூர் அரசு, சென்னை மாகாண அரசு, தென்னிந்திய ரயில்வே கம்பெனி ஆகிய மூன்றின் கூட்டு முயற்சியால், மூலம் திருநாள் மன்னர் ஆட்சிக்காலத்தில் உருவான இந்த மலைப்பாதை, செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே 1904 நவம்பரில் திறக்கப்பட்டது. திருவிதாங்கூருக்குக் கிடைத்த முதல் ரயில் இணைப்பு தெற்கேயிருந்தோ வடக்கேயிருந்தோ வராமல் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறி வந்தது. முந்திரியும் தேயிலையும் மரமும் நறுமணப் பொருள்களும் கிழக்கே வந்தன, அரிசியும் ஜவுளியும் மேற்கே சென்றன. அன்றைக்குச் செங்கோட்டையே திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் அகலமே கொண்ட மீட்டர் கேஜ் பாதையாக நூறாண்டுக்கு மேல் இயங்கிய இப்பகுதி 2010இல் மூடப்பட்டு, 1.676 மீட்டர் அகலமுள்ள அகலப்பாதையாக மாற்றும் பணி பல கட்டங்களாக நடந்து, 2018 ஜூனில் முழுமையாக மீண்டும் திறக்கப்பட்டது. ஐம்பது கிலோமீட்டருக்குட்பட்ட தொலைவை மாற்றியமைக்க எட்டாண்டுகள் ஆனதற்கு மலையின் கடுமையும் ஒதுக்கீட்டின் மெத்தனமும் பாதிப்பாதி காரணம் எனலாம்.

செங்கோட்டையை விட்டதும் புளியரைப் பகுதியின் நெல்வயல்களுக்கு மேல் ரயில் மெல்ல ஏறத் தொடங்குகிறது. செங்குத்துச் சரிவு காரணமாக ரயிலின் முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இரு எஞ்சின்கள் இழுத்தும் தள்ளியும் செல்கின்றன. வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்குள் கட்டுப்படுத்தப்படுகிறது. ஆகவே இக்குறுந்தொலைவுக்கு இரண்டு மணி நேரம் வரை ஆகிறது. பகவதிபுரத்தைக் கடந்ததும் பாதையின் மிக நீண்ட குகை. கிழக்கு வாயிலில் நுழையும்போது பனையும் வயலுமாக இருந்த நிலம், மேற்கு வாயிலில் வெளிவரும்போது ரப்பரும் பாக்கும் ஈரப்பாசியுமாக மாறியிருக்கும். ஆரியங்காவு, இடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை, ஒற்றக்கல் என்று சிறு நிலையங்கள் தொடர்கின்றன. கழுதுருட்டிக்கு அருகே ஆற்றையும் நெடுஞ்சாலையையும் ஒட்டி, நூறு மீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளத்தில் நிற்கும் பதின்மூன்று கண் பாலம் பாதையின் முகவரி போன்றது. கல்லாலும் சுண்ணச்சாந்தாலும் எழுப்பப்பட்ட அதன் தூண்களை இடிக்காமல் கான்கிரீட் போர்வையிட்டு வலுப்படுத்தி அகலப்பாதையையும் தாங்கச் செய்தது பொறியாளர்களின் பாராட்டத்தக்க முடிவு. பழைய கல்முகம் அதனால் மறைந்துவிட்டதை வருந்துவோரும் உண்டு. ரயிலுக்குள் இருந்து பாலத்தின் அழகு தெரியாது, பாலத்திலிருந்து பள்ளத்தாக்குதான் தெரியும். பாலத்தையே காண விரும்புவோர் சாலைவழிப் பேருந்தில்தான் வர வேண்டும். ரயிலும் பேருந்தும் ஒன்றையொன்று நிறைவு செய்வதற்கு இதைவிடத் தெளிவான இடம் இவ்வழியில் இல்லை.

தென்மலையில் இறங்கினால் கல்லடை ஆற்று அணையும், 1984இல் அமைந்த செந்துருணி வன உயிரினச் சரணாலயமும் அருகே உள்ளன. அதற்கப்பால் புனலூரில், ஆல்பர்ட் ஹென்றி என்னும் பொறியாளர் வடிவமைத்து 1877இல் கட்டி முடித்த தொங்குபாலம் இன்று நடைபாதையாக மட்டும் நிற்கிறது. ரயிலுக்கு முன்பே கணவாயின் மாட்டுவண்டி வணிகத்துக்காக எழுந்த பாலம் அது. புனலூரிலிருந்து செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் பேருந்துகள் உள்ளன. சென்ற வழியிலேயே ரயிலில் திரும்புவதைவிடப் பேருந்தில் திரும்பிக் கழுதுருட்டிப் பாலத்தைக் கீழிருந்து கண்டு, ஆரியங்காவு சாஸ்தா கோயிலில் சற்று நின்று, கோட்டைவாசல் வளைவுகளில் இறங்குவதே சிறப்பு.

இவ்வழியில் கண்ணாடிக் கூரைப் பெட்டி இணைக்க வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுகிறது. விசாகப்பட்டினத்திலிருந்து அரக்கு செல்லும் ரயிலில் 2017இல் அத்தகைய பெட்டி இணைக்கப்பட்டு வரவேற்பைப் பெற்றது உண்மையே. எனினும் குளிரூட்டிய அடைப்புக்குள் இருந்து மலை காண்பது வடபுலக் குளிருக்கு ஏற்றது. சாரலும் ஏலமணமும் மண்வாசமும் முகத்தில் படும் இந்தக் கணவாய்க்குத் திறந்த சன்னலே போதும், அதற்குரிய சீட்டும் எவர்க்கும் எட்டும் விலையில் கிடைக்கிறது. தெற்கு ரயில்வேயிடம் கேட்கத் தக்கது வேறு: பகலில் கணவாயைக் கடக்கும் வண்டிகளைக் கூட்டுவதும், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் நிலையங்களில் இறங்குவோர் மலையடி செல்லும் பேருந்தைப் பிடிக்கத் தக்கவாறு நேரங்களை ஒத்திசைப்பதும். வனத்துறையிடம் கேட்கத் தக்கது, செண்பகத்தோப்புக்கும் அய்யனார்கோவிலுக்கும் கார்களை நகரிலேயே நிறுத்திவிட்டுச் சிறு பேருந்துகளில் மட்டும் செல்லும் ஒழுங்கு. டெனாலி அரை நூற்றாண்டுக்கு முன் செய்ததை இங்கே செய்வதற்குச் சாலைகூடப் புதிதாகப் போட வேண்டியதில்லை.

சென்னையிலிருந்து வரும் கொல்லம் விரைவு வண்டி கணவாயை விடியலை ஒட்டிக் கடப்பதால் மலையின் கிழக்குப் பகுதி இருளில் போய்விடும். 2023 முதல் ஓடும் மதுரை–குருவாயூர் வண்டியோ ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாக வந்து மலைப்பகுதியைப் பிற்பகல் வெளிச்சத்தில் கடக்கிறது. காடு காண வருவோர் இதனையே தேர்ந்துகொள்ளலாம். கால அட்டவணை ஆண்டுதோறும் மாறுவதால் புறப்படுமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வதும், அய்யனார்கோவிலுக்கோ சதுரகிரிக்கோ செல்வதானால் அன்றைக்கு வனத்துறை அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டறிவதும் அவசியம்.